கைப்பை வீற்றிருந்த சிங்காதனம்

“உன்கிட்ட பாஸ்போர்ட் இருக்காம்மா?”

ஒரு சாயங்காலம், கைப்பேசியிலிருந்து கண்ணை எடுக்காமலே அக்காளின் கணவர் கேட்டார். ஜெராக்ஸ் கடை வேலை முடிந்து அப்போதுதான் திரும்பி, விரலில் ஒட்டிய மையைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்த சின்னு திடுக்கிட்டு நிமிர்ந்தாள். அந்த வீட்டில் அவளை நோக்கி வரும் கேள்விகள் இரண்டுதான். பால் காய்ச்சியாச்சா என்பது ஒன்று. இதுங்க ஏன் அழுதுங்க என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒன்று பிறந்ததே அதிசயம், அதுவும் ஆகாயத்தில் பறக்கிற கேள்வி.

“இல்ல மாமா. எடுத்துக்கலாம்.”

“எடுத்துடு. நீ இல்லாம என்ன டூரு?”

ஆயிரம் முரசு ஒருங்கே அதிர்ந்தாற்போல் அந்தச் சொல் அவள் செவியில் விழுந்தது. நீ இல்லாமல்! ஆகா, அவள் இல்லாமல்!

வாழ்க சின்னு! இடுப்பு இரண்டிலும் இரண்டு மகவு ஏந்தி இடறாமல் படியிறங்கும் ஏந்திழை வாழ்க! ஒற்றைக் கரண்டியால் இரட்டை வாய் நிறைக்கும் உத்தமி வாழ்க! பால்புட்டி மூடியைப் பல்லால் திறப்பவள், பாதித் தூக்கத்தில் டயப்பர் மாற்றுபவள், ஜெராக்ஸ் கடைக்கு வருகிறவர்களிடம் ‘ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா’ என்று வாயால் கேட்கக் கூச்சப்பட்டு விரலை மட்டும் காட்டுபவள், பேசாமடந்தையருள் பேரரசி, நீடு வாழ்க!

காவியம் பாடப் புகுவோர் கடவுளை வணங்கித் தொடங்குவது முறை. நாம் ஈரத்தாளை வணங்குவோம். பிள்ளையின் வாயையும் பின்புறத்தையும் வேறென்று எண்ணாமல், இரண்டையும் ஒரே நறுமணத்தோடு துடைத்தருளும் சமதருமமே! உறையிலிருந்து ஒன்று இழுத்தால் ஒன்பதாய் வரும் வள்ளலே! இக்கதை முடியும்வரை நீ தீர்ந்துபோகாதிருப்பாயாக.

அடுத்து நாட்டு வளம் பாடவேண்டும். ஆற்றின் ஓட்டமும், சோலையின் நிழலும், கடைவீதியின் ஆரவாரமும் பாடிய பின்னரே போர்க்களம் புகுவது மரபு. ஆனால் நம் தலைவி டூர் போன அயல்நாட்டில் கண்டது விடுதி அறை, அறைக்கு வெளியே நீளும் நடை, நடையின் முடிவில் லிஃப்ட், லிஃப்டுக்குக் கீழே உணவுக்கூடம், அவ்வளவே. எனவே நாட்டு வளத்துக்குப் பதிலாகக் கம்பள வளம் பாடப்படும். அந்நடையின் கம்பளம் பழுப்பு நிறத்தது. அதில் வட்டத்துக்குள் வட்டமாகப் பூக்கள் உண்டு. ரொட்டித் துணுக்கு விழுந்தால் தெரியாது, பால் கொட்டினால் தெரியும். கம்பள வளம் முற்றிற்று.

படையெழுச்சியைச் சொல்கிறேன், கேளுங்கள். யானைப்படையாக நான்கு பெட்டிகள் முன்னே உருண்டன. அவற்றுள் இரண்டின் வயிற்றில் டயப்பரன்றி வேறில்லை. தேர்ப்படையாக இரட்டை இருக்கைத் தள்ளுவண்டி ஒன்று கிறீச்சிட்டு வந்தது. எந்தக் கதவுக்குள்ளும் நேராக நுழையாத தேர் அது. தேரேறி வந்தவர் அக்காளின் இரட்டை இளவரசியர் இருவர். தாய் வயிற்றிலிருந்து முந்தி வந்தவள் முந்தி, பிந்தி வந்தவள் பிந்தி. ஊர்கூட்டி வைத்த நெடும்பெயர்கள் இருவருக்கும் உண்டு என்றாலும், ஒருவயது நெருங்கும் இந்நாள்வரை அவற்றைச் சொல்லி அழைத்தவர் எவருமில்லை. இருவரும் அச்சில் வார்த்தாற்போல் ஒன்று. எது அசல் எது நகல் என்று சொல்ல, நாளெல்லாம் நகலெடுக்கும் சின்னுவே சற்று உற்றுப் பார்க்கவேண்டும். ஆகவே முந்திக்குச் சிவப்புக் காலுறை, பிந்திக்கு மஞ்சள் காலுறை என்று அவளே ஒரு முறை வகுத்திருந்தாள்.

படைத்தலைவர் மாமா. ஆலையில் ஷிஃப்ட் மேற்பார்வை பார்ப்பவர். இரண்டு பேர் செய்கிற வேலையை ஒருவரைச் செய்யவைத்து, அவர் முதுகில் தட்டி ‘சபாஷ்’ என்று சொல்வதில் கைதேர்ந்தவர். அரசி அக்கா. பிள்ளைகள் அழும்போது தூரத்திலிருந்தும், சிரிக்கும்போது பக்கத்திலிருந்தும் படம் எடுப்பவள். வானூர்தியில் நடந்ததை நான் பாடப்போவதில்லை. முன்வரிசைக்காரர் ஒருவரின் வழுக்கைத் தலையைப் பிந்தி நெடுநேரம் நக்கினாள் என்பதும், அவர் அதைக் கனவென்று எண்ணி முறுவலித்தார் என்பதும் போதும்.

விடுதியில் கால்வைத்த அன்று மாலை, அறைச் சன்னலுக்கு வெளியே, இரண்டு உயரமான கட்டிடங்களின் இடுக்கில், ரிப்பன் அகலத்துக்கு ஏதோ நீலமாக ஆடியதைச் சின்னு கண்டாள். கடல்! பள்ளிப் பிள்ளைகளின் பாடவேலைக்காக அவள் எத்தனையோ கடல்களை நகலெடுத்துக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் கறுப்பு வெள்ளை. அலை இருக்கும் இடத்தில் புள்ளி புள்ளியாய் மை படிந்திருக்கும். அசலை அவள் பார்த்ததில்லை. கண்ணாடியில் நெற்றி பதித்து நின்றவளைப் பார்த்து அரசி வரம் கொடுத்தாள்.

“கடல்தானடி! நடந்தா அஞ்சு நிமிஷம். காலையில இதுங்க ரெண்டும் வயிறு நிறைய சாப்ட்டா ஒரு தூக்கம் போடும்ல, அப்ப போயி ஆசை தீர நின்னுட்டு வா. உன்ன யாரு புடிச்சு வச்சிருக்கா?”

இதுவே இக்காவியத்தின் சூளுரை. முந்தியும் பிந்தியும் வயிறு நிறைந்தால் தூங்குவர். தூங்கினால் கடல். வயிறு நிறைவதற்கும் கடலுக்கும் நடுவே நின்றது என்ன? ஒரு நாற்காலி. அதன் மேல் நின்றது என்ன? ஐயகோ, அதைச் சொல்லவும் நாக் கூசுகிறது. ஒரு கைப்பை.

அந்த உணவுக்கூடம் அரண்மனையை ஒத்தது. ஊரையே உட்காரவைக்கலாம் என்னும்படி நாற்காலிகள் கிடந்தன. ஆனால் நெடுங்கால், மரத்தட்டு, இடுப்பு வார் ஆகிய முப்பெருஞ் சிறப்பும் பொருந்திய குழந்தை நாற்காலிகள் இரண்டே இரண்டு. முதல் நாள் காலை ஒன்று நம்மவர்க்குக் கிடைத்தது. அதில் முந்தி அரியணையேறினாள். மற்றொன்று பக்கத்து மேசையருகே நின்றது. அங்கே அகன்ற வைக்கோல் தொப்பி அணிந்த, பருத்த திருமேனியள் ஒருத்தி, மெலிந்த கணவனோடும் கொழுத்த குழந்தையோடும் இருந்தாள். கணவனோடு வேறு ஏதோ மொழி பேசினாள். சின்னு மடியில் பிந்தி துள்ளுவதைப் பார்த்த அவள், எழுந்து அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்தாள்.

இங்கே ஒரு செய்தி சொல்லவேண்டும். அயல்நாடு செல்வோர்க்கு வாய்க்கும் இன்பங்களுள் தலையாயது, தம் மொழியில் யாரை வேண்டுமானாலும் அவர் முகத்துக்கு நேரே என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது. மாமாவும் அக்காவும் இவ்வின்பத்தை டிக்கெட்டோடு சேர்த்து வாங்கியவர்கள்போல் துய்த்தனர். நெடிய பரிசாரகன் அவர்களுக்குக் ‘கொக்கு’. லிஃப்டில் வரும் செந்நிறக் கிழவர் ‘சுட்ட கத்திரிக்கா’.

“இங்க பாருங்க,” என்றாள் அக்கா, கூடம் அதிர. “பூசணிக்கா ஒண்ணு குட்டியோட வந்திருக்கு.”

“அது உக்காந்தா நாற்காலி அழும்,” என்றார் மாமா.

“மெதுவாக்கா,” என்றாள் சின்னு.

“அவளுக்கென்னடி, புரியவா போகுது?”

தொப்பிக்காரி நாற்காலியைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றாள். பிறகு அதைத் தன் பக்கம் இழுத்தாள். தன் குழந்தையைக் கணவன் மடியில் விட்டாள். குங்குமச் சிவப்பில் பொன்னிறப் பூட்டுப் பளபளக்கும் பெரிய கைப்பையைத் தூக்கி நாற்காலியில் இருத்தி, இடுப்பு வாரையும் மாட்டி, மரத்தட்டையும் முன்னே இழுத்துவிட்டாள்.

ஆ, அக்கைப்பை வீற்றிருந்த கோலம்! வெண்கொற்றக்குடை ஒன்றுதான் குறை. கைப்பிடிகள் இரண்டும் யானைத் துதிக்கைபோல் உயர, வயிறு புடைக்க, பூட்டு ஒற்றைக் கண்ணாய் முறைக்க, திறை கட்டாத சிற்றரசரை நோக்கும் பேரரசனைப்போல் அது சின்னுவை நோக்கியது. சின்னு தலை குனிந்தாள்.

இரு மகவுக்கு ஒரு நாற்காலி என்றால் விளைவதென்ன என்பதை இரட்டையரைப் பெறாதார் அறியார். நாற்காலியில் இருப்பவள் வாய் திறக்கும்போது மடியில் இருப்பவள் கிண்ணத்தில் கைவிடுவாள். மடியில் இருப்பவளைத் துடைக்கும்போது நாற்காலியில் இருப்பவள் கஞ்சியைத் தலைக்குத் தேய்த்துக்கொள்வாள். ஒருத்தியை மாமா வாங்கிக்கொள்ளலாமே என்பீர். “இதோ, ஒரு ஆம்லெட் சொல்லிட்டு வந்துடறேன்,” என்று சென்ற அவர், ஆம்லெட் என்னும் அரும்பொருள் இன்னும் உலகில் கண்டுபிடிக்கப்படாததுபோல் நெடுநேரம் அங்கேயே நின்றார். அக்கா ஒருத்தியை எடுக்கலாமே என்பீர். எடுத்தாள், படம். இறுதியில் கூடத்தின் விளக்குகள் அணைந்தன. கொக்கு மேசைவிரிப்பை உதறினான். அரை வயிறும் அரைத் தூக்கமுமாய் இளவரசியர் அன்று பகல் முழுதும் சின்னுவின் தோளில் தொங்கி அழுதனர்.

“நாளைக்குப் போலாம்டி,” என்றாள் அக்கா. “கடல் எங்க ஓடிடப் போகுது?”

மறுநாள், விரைந்து சென்று இரண்டு நாற்காலியையும் கைப்பற்றுவது என்று சின்னு வியூகம் வகுத்தாள். வியூகம் குறையற்றது. ஆனால் அரசிக்கு ஒரே நிறத்தில் நால்வருக்கும் உடை பொருந்தவேண்டியிருந்தது. மாமாவின் சட்டை நிறம் சற்று வெளிறித் தெரிந்ததால் பெட்டி திரும்பத் திறக்கப்பட்டது. படை இறங்கிச் செல்கையில் கைப்பை தன் அரியணையில் அமர்ந்து, முன்னே வைத்த ஒரு துண்டு ரொட்டியோடு அவர்களை எதிர்கொண்டது. ஆம், அன்று அதற்கு ரொட்டியும் படைத்திருந்தாள் தொப்பிக்காரி.

“பாத்தியா திமிர,” என்றாள் அக்கா. “பூசணிக்காவுக்கு ஒரு நாற்காலி, அது பைக்கு ஒரு நாற்காலி.”

“பை இல்லடி அது. உள்ள இன்னொரு புள்ள இருக்கும். அந்த ஒடம்புக்கு எத்தன பெத்திருக்காளோ.”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தனர். சின்னு சிரிக்கவில்லை. கடலை நினைத்தாள்.

பால் எடுக்க அவள் கூடத்தின் மறுமுனைக்குச் சென்று மீள்வது வழக்கம். மீளும்போதெல்லாம் அக்காவும் மாமாவும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்து, அவளைக் கண்டதும் நிறுத்துவார்கள். மாமா உடனே ரொட்டியின் மேல் பெரும் அக்கறை கொள்வார். சுற்றுலாவில் கணவன் மனைவி ஏதாவது அந்தரங்கம் பேசுவார்கள் என்று நினைத்து, சின்னு நடையை இன்னும் மெதுவாக்கிக்கொள்வாள். பேதை!

மூன்றாம் காலையில் தூது அனுப்பப்பட்டது. “ரெண்டு வார்த்த இங்கிலீஷ்ல பேசினா முடிஞ்சது. இதுக்குப் போயா?” என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாமா புறப்பட்டார். ஆலையின் எந்திரங்கள் அஞ்சி வழிவிடும் நடை. தொப்பிக்காரியின் மேசைக்குப் பத்தடி முன்பு அந்நடை சற்றுத் தளர்ந்தது. ஐந்தடி முன்பு வலப்பக்கம் வளைந்தது. கையில் ஒரு தட்டுத் தர்ப்பூசணித் துண்டுகளோடு தூதர் மீண்டார்.

“கேட்டீங்களா?”

“கொக்குகிட்ட சொல்லிருக்கேன். அவங்க ரூல்ஸ் அது. நேரா நாம கேக்கக் கூடாது.”

கொக்கும் சென்றான். இடுப்பு வளைத்தான். தொப்பிக்காரி இனிமையாகச் சிரித்து, தூங்குகிற குழந்தையைத் தட்டுவதுபோல் கைப்பையைத் தட்டிக்காட்டினாள். கொக்கு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

அதற்கு அடுத்த காலையில் நடந்தது பேரழிவு. கேட்போர் மனத்தைத் திடப்படுத்திக்கொள்க.

தூதில் தோற்றவர் நிர்வாகத்தில் இறங்கினார். “ஒரு மெஷின்தான் இருக்குன்னா என்ன பண்ணுவோம்? ஷிஃப்ட் போடுவோம். மொத ஷிஃப்ட் முந்தி. அவ முடிச்சதும் எறக்கிட்டு பிந்தி. மாத்துற வேலைய நான் பாத்துக்கறேன். நீ ஊட்டுற வேலைய மட்டும் பாரு.” முதல்முறையாக மாமா ஒரு வேலையைத் தன்மேல் போட்டுக்கொண்டார். சின்னுவின் கண் கலங்கிற்று.

முதல் ஷிஃப்ட் அழகாக நடந்தது. வாழைப்பழமும் ஓட்ஸும் மசித்த ஒரு கிண்ணத்தை முந்தி ஒட்ட முடித்து ஏப்பம் விட்டாள். இரண்டாம் கிண்ணம் எடுக்கச் சின்னு சென்றாள். அவள் சென்ற இடைவெளியில் இளவரசியர் நான்கு காலுறையையும் உதறி மேசைக்கடியில் எறிந்திருந்தனர். மாமா குனிந்து பொறுக்கினார். சிவப்பு எவள் காலில், மஞ்சள் எவள் காலில் என்பது அவருக்கு அதுவரை ஒரு பொருட்டாக இருந்ததில்லை. இருவரையும் தள்ளுவண்டியில் இறக்கி, ஆள் மாற்றி மாட்டினார். மஞ்சள் கால் நாற்காலிக்கு, சிவப்புக் கால் தள்ளுவண்டிக்கு என்று மிகச் சரியாக ஷிஃப்ட் மாற்றினார். கிண்ணத்தோடு வந்த சின்னு, தட்டுக்கு அடியில் ஆடும் மஞ்சளைக் கண்டாள். மாமாவின் சொல்லை நம்பினாள். முகத்தை உற்றுப் பார்க்கவில்லை.

உணவை மறுத்தறியாத குலக்கொடி முந்தி. இரண்டாம் கிண்ணத்தையும் வீரத்தோடு எதிர்கொண்டாள். முதற்பாதி சென்றது. மூன்றாங் கால்பங்கும் சென்றது. வயிறு முரசுத்தோல்போல் விம்ம, நெற்றி வியர்க்க, ‘எத்தனை முறையடி ஒருத்தி காலையுணவு உண்பது’ என்று கேட்பதுபோல் சித்தியை ஏறிட்டாள். தள்ளுவண்டியிலிருந்து பிந்தி, தனக்குரியது தன் கண்ணெதிரே இன்னொருத்தி வாய்க்குள் இறங்குவது கண்டு, சங்கு முழங்கிற்றோ சமுத்திரம் பொங்கிற்றோ என்னும்படி அலறினாள். “பிந்திதான் சாப்பிடுறாளே, முந்திக்கு என்னவாம்?” என்று மாமா குனிந்தார். குனிந்தாரோ இல்லையோ, முந்தி தான் உண்ட இரண்டு கிண்ணத்தையும், கடன் வைக்காத கண்ணியத்தோடு, அவருடைய புது வெள்ளைச் சட்டைக்குத் திருப்பிக் கொடுத்தாள்.

கூடம் முழுதும் திரும்பிப் பார்த்தது. சுட்ட கத்திரிக்காய் தன் தட்டை மூடிக்கொண்டார். கைப்பை மட்டும் அசையவில்லை.

“கண்ணு தெரியாதா உனக்கு?” என்றார் மாமா, சின்னுவைப் பார்த்து. “ஒரு வேல ஒழுங்கா செய்யத் தெரியுதா?”

வாளால் பட்ட புண் என்பார்களே, அதைவிடப் பெரிதொன்றும் இல்லை இது. எனினும் அன்று பகல், அரை வயிற்றோடு அழும் பிந்தியையும் வயிற்றுவலியோடு அழும் முந்தியையும் தோளுக்கொருத்தியாய்ப் போட்டுக்கொண்டு பழுப்புக் கம்பளத்தில் மேலும் கீழும் நடந்த சின்னு, சன்னல் வரும்போதெல்லாம் அந்த நீல ரிப்பனைப் பார்த்தாள். நாளைக்கு மதியம் விமான நிலையத்துக்குப் பஸ். நாளைக் காலை ஒன்றுதான் மிச்சம்.

விடிந்தது கடைசி நாள்.

கூடத்தில் எல்லாம் இருந்தபடியே இருந்தது. ஒரு நாற்காலி நம்மவர்க்கு. மற்றதில் கைப்பை, வார் பூட்டி, தட்டு இழுத்து, இன்று ஒரு குட்டித் தொப்பியும் அணிந்து. “குட்டிப் பூசணி தொப்பியப் புடுங்கி மாட்டிருக்கா, கொழுப்பப் பாரு,” என்று அக்கா சொல்லி முடிக்குமுன், மாமா ஆம்லெட்டோடு அமர்ந்து முதல் துண்டை முள்கரண்டியால் குத்துமுன், சின்னு முந்தியை நாற்காலியில் இருத்தினாள், பிந்தியை இடுப்பில் இறுக்கினாள், நடந்தாள்.

எவ்வாறு நடந்தாள்? வெள்ளம் கரையை உடைக்க வருவதுபோல் என்பேனா? அவ்வாறில்லை. புலி புதரினின்று புறப்பட்டதுபோல் என்பேனா? அதுவுமில்லை. கடைக்கு வருகிறவன் தாளை நீட்டி ‘எத்தனை பிரதி’ என்று தானே சொல்லிவிடமாட்டானா என்று ஏங்கி நிற்கும் ஒருத்தி, விருந்தாளி வந்தால் சமையலறைக்குள் புகுந்துகொள்ளும் ஒருத்தி, மேசைக்கும் மேசைக்கும் இடையே கிடந்த அந்த நாலு எட்டை, ஏழ்கடலை நீந்துவதுபோல் கடந்தாள் என்று சொன்னால் அதுவே மெய். மனப்பாடம் செய்து வைத்த ‘ப்ளீஸ்’, ‘பேபி’, ‘சேர்’ என்னும் மூன்று படைவீரரும் வழியிலேயே ஓடிப்போயினர். கைப்பையின் முன் அவள் நின்றாள். அவள் வாயினின்று அவள் வீட்டு மொழியே வெளிப்பட்டது.

“அக்கா, இந்த நாற்காலியக் குடுங்க. புள்ள உக்காரணும்.”

தொப்பிக்காரி நிமிர்ந்து பார்த்தாள்.

“எடுத்துக்கோம்மா,” என்றாள்.

முரசு ஓய்ந்தது. ஆம்லெட் துண்டு மாமாவின் வாயருகே நின்றது. அக்காவின் கையிலிருந்த கைப்பேசி தானாகத் தரையைப் படமெடுத்தது. தொப்பிக்காரி வாரை அவிழ்த்து, கைப்பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, நாற்காலியைச் சின்னு பக்கம் உருட்டினாள். பிறகு நம்மவர் மேசைக்குத் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

“மொத நாளே உங்ககிட்ட தள்ளி விடத்தான் இதப் புடிச்சேன். அப்பதான் பூசணிக்கான்னு காதுல விழுந்துச்சு. சரி, பூசணியும் கொஞ்சம் உக்காரட்டுமேன்னு வச்சுக்கிட்டேன்.”

“ஐயோ,” என்று எழுந்தாள் அக்கா. “அது... நாங்க சமையல் பத்திப் பேசிட்டிருந்தோம்ங்க.”

“குட்டியோட வந்த பூசணியிலயா சமையல்?”

“சும்மா தமாஷுக்கு மேடம்,” என்றார் மாமா.

“தமாஷான ஆளுதாங்க நீங்க. தினம் கேட்டுக்கிட்டுதானே சாப்பிடுறேன்.” அவள் சின்னுவைப் பார்த்தாள். “நீ பால் எடுக்கப் போற நேரத்துலதாம்மா நல்லாப் பேசுவாரு. ஆளு வச்சா கட்டுப்படியாகாதாம், உனக்கு டிக்கெட் போட்டது லாபமாம். கடலுக்குப் போறேன்னு கேட்டா நாளைக்குன்னே சொல்லணுமாம், பழகிட்டா தெனமும் கேப்பியாம். நேத்தும் அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாங்க ரெண்டு பேரும்.”

சொல்லிவிட்டு அவள் உட்கார்ந்து தன் ரொட்டியில் வெண்ணெய் தடவத் தொடங்கினாள்.

இவ்விடத்தில்தான் பூமி பிளக்கவேண்டும். கண்கள் சிவக்க, கூந்தல் அவிழ, அயல்நாட்டு விடுதி கிடுகிடுக்க, நம் தலைவி ஒரு பேருரை ஆற்றவேண்டும். கேட்போர் அனைவரும் அதற்காகவே காத்திருப்பீர். கொக்குகூட, ஒரு சொல்லும் விளங்காவிட்டாலும், தட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு காத்திருந்தான்.

சின்னு நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்து முந்தியின் பக்கத்தில் நிறுத்தினாள். பிந்தியை அதில் இருத்தினாள். வாரை மாட்டி, விரல் நுழைகிறதா என்று பார்த்தாள். மரத்தட்டை இழுத்துவிட்டாள். இரண்டு கிண்ணத்தையும் இரண்டு தட்டில் வைத்து, கஞ்சியின் சூட்டைப் புறங்கையில் தொட்டுப் பார்த்தாள். காலுறைகளைச் சரிபார்த்தாள். பிந்திதான். கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசல் பக்கம் திரும்பினாள்.

“அவங்க சொல்றத நம்பாதம்மா,” என்றார் மாமா. “நாங்க ஏதோ கணக்குப் பேசுனோம், அவங்க ஏதோ புரிஞ்சுக்கிட்டாங்க. நீ இல்லாம எங்களுக்கு என்ன டூரு, சொல்லு?”

“ஏய், எங்கடி கெளம்புற?” என்றாள் அக்கா. “பெட்டி கட்டணும். இதுங்களுக்கு யாரு ஊட்டுறது? சின்னு! மதியம் பஸ்ஸுடி!”

திசையெட்டும் திகைத்து நிற்க, தேவரும் பூமாரி பெய்யலாமா வேண்டாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க, நாலு பெட்டி யானைகளும் இரட்டைத் தேரும் தலைவியின்றித் தத்தளிக்க, முந்தியும் பிந்தியும் வரலாற்றிலேயே முதன்முறையாக அரியணை இரண்டில் அருகருகே அமர்ந்து, பசித்த வாய் இரண்டையும் பறவைக் குஞ்சுகள்போல் ஒருங்கே திறந்து, ஊட்டும் கைக்காகக் காத்திருந்த அந்தப் பொன்னான வேளையில், போர்வென்ற பூங்கொடி, பேசாமடந்தையர் பேரரசி, புகழ்பூத்த புறங்கையிலிருந்த கஞ்சியைத் துடைத்தெறிந்தாள்.

சின்னு கரண்டியை மாமா கையில் கொடுத்துவிட்டு, கடலுக்குப் போனாள்.